கூடைப் பந்தாட்டமும் வரம்புடைய விடுதலையும்

ஒருவன் ஓரிடத்தில் நான்கு ஆண்டுகள் வேலை பார்க்கிறான். பேசிய தவணை முடிந்துவிடுகிறது. அவன் பட்ட கடன் ஏதும் இல்லை. செய்து தீர்க்க வேண்டிய பாக்கி வேலையும் இல்லை. அப்போது வேறோர் ஊரிலிருந்து ஒரு முதலாளி வந்து, "இவ்வளவு சம்பளம் தருகிறேன், என்னிடம் வருகிறாயா?" என்று கேட்கிறார். அவனும் மனமுவந்து கையொப்பம் இடுகிறான். மறுநாள் பழைய முதலாளி, "அதே சம்பளத்தை நானே தருகிறேன், நீ இங்கேயே இரு" என்று ஒரு சொல் சொல்கிறார். அவ்வளவுதான், அவன் அங்கேயே இருக்க வேண்டியவனாகிறான். புதியவரோடு அவன் பேசி முடித்த நிபந்தனைகளெல்லாம் பழையவரோடு செய்துகொண்ட ஒப்பந்தமாக மாறிவிடுகின்றன. அவன் சம்மதத்தை யாரும் இரண்டாம் முறை கேட்பதில்லை.

இது கற்பனைக் கதையன்று. 2022ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் அமெரிக்க நாட்டில் நடந்தது. டியாண்ட்ரே ஏய்ட்டன் என்னும் கூடைப் பந்தாட்டக்காரர் பீனிக்ஸ் நகர அணியில் நான்கு ஆண்டுகள் ஆடி முடித்தவர். இந்தியானா அணி அவருக்கு நான்கு ஆண்டுகளுக்குச் சுமார் 13 கோடியே 30 இலட்சம் டாலர் தருவதாகச் சொல்ல, அவர் அதற்கு உடன்பட்டுக் கையொப்பமிட்டார். அன்றைக்கே பீனிக்ஸ் அணி அத்தொகைக்குத் தானும் ஈடு கொடுப்பதாக அறிவித்தது. ஏய்ட்டன் பீனிக்ஸிலேயே தங்கினார். அடுத்த ஆண்டில் அதே அணி அவரைப் போர்ட்லாந்து அணிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டது.

பெருஞ்செல்வம் பெறும் ஒருவருக்காக நாம் இரங்க வேண்டுமா என்று நேயர்கள் கேட்கலாம். இரக்கம் இங்கே பேச்சன்று. ஒப்பந்தம் முடிந்த பின்பும் ஒரு மனிதனின் உழைப்பின்மீது பழைய முதலாளிக்கு உரிமை எஞ்சி நிற்கிறதே, அவ்வுரிமை எங்கிருந்து வந்தது, எப்படிக் குறைந்தது, இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பதே கேள்வி. இந்த ஏற்பாட்டுக்கு "வரம்புடைய விடுதலை" என்று நாம் பெயரிட்டுக்கொள்ளலாம். விடுதலை என்ற சொல்லும் அதில் இருக்கிறது. வரம்பு என்ற சொல்லும் இருக்கிறது. இவ்விரண்டும் ஒன்றாகச் சேர்ந்த வரலாறு நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டது.

அதன் தொடக்கம் கூடைப் பந்தாட்டத்தில் இல்லை. பேஸ்பால் ஆட்டத்தில் இருக்கிறது. 1879ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேஸ்பால் அணிகளின் முதலாளிகள் கூடி ஓர் இரகசிய உடன்பாடு செய்துகொண்டார்கள். ஒவ்வோர் அணியும் தன் ஆட்டக்காரர்களுள் ஐவரைக் குறித்துவைத்துக் கொள்ளலாம். அந்த ஐவரைப் பிற அணிகள் அழைக்கக்கூடாது என்பதே அது. சம்பளம் ஏறாமல் தடுப்பது இதன் நோக்கம். ஐவர் என்ற எண்ணிக்கை நாளடைவில் வளர்ந்தது; பின்னர் அணியில் இருந்த அனைவரையுமே அது உள்ளடக்கிற்று. ஒப்பந்தத்தில் ஒரு சிறு விதி புகுந்தது: தவணை முடிந்ததும் அணி விரும்பினால் இன்னும் ஓராண்டுக்கு அதனைப் புதுப்பிக்கலாம். புதுப்பித்த ஒப்பந்தத்திலும் அதே விதி இருந்தமையால் அதனை மீண்டும் புதுப்பிக்கலாம் என்று முதலாளிகள் பொருள் கொண்டார்கள். ஓராண்டு என்று எழுதப்பட்டது வாழ்நாள் முழுவதும் என்று படிக்கப்பட்டது.

இத்தகைய கூட்டுச் சூழ்ச்சிகளைத் தடுப்பதற்கென்றே அமெரிக்காவில் ஏகபோகத் தடைச் சட்டம் ஒன்று இருந்தது. ஆனால் 1922இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பேஸ்பால் ஆட்டம் மாகாணங்களுக்கிடையே நடக்கும் வாணிகம் ஆகாது; ஆகவே அச்சட்டம் அதனைத் தொடாது என்று தீர்ப்பளித்தது. பேஸ்பால் முதலாளிகளுக்கு அது அரணாயிற்று. பிற ஆட்டங்களின் முதலாளிகள் அந்த அரண் தங்களுக்கும் உண்டு என்று எண்ணிக்கொண்டார்கள்.

1946ஆம் ஆண்டு ஜூன் மாதம் நியூயார்க்கில் ஒரு கூடைப் பந்தாட்டச் சங்கம் தோன்றியது. பனிக்கால ஆட்ட அரங்குகளின் சொந்தக்காரர்கள் பலர் அதில் முன்னின்றார்கள். அரங்கு காலியாகக் கிடக்கும் இரவுகளில் கூட்டம் சேர்க்க ஏதேனும் ஓர் ஆட்டம் வேண்டும் என்பது அவர்கள் கருத்து. 1949இல் அச்சங்கம் போட்டிச் சங்கமொன்றோடு இணைந்து, இன்று உலகறிந்த தேசியக் கூடைப் பந்தாட்டச் சங்கமாயிற்று. பேஸ்பாலின் பழைய கட்டுகளையும் அது ஏற்றுக்கொண்டது. கல்லூரியை விட்டு வரும் இளைஞனை எந்த அணி கொள்வது என்பதை முதலாளிகளே முறை வைத்துத் தீர்மானிப்பார்கள். அவனைத் தேர்ந்த அணியைத் தவிர வேறெதனோடும் அவன் பேச இயலாது. சேர்ந்த பின் அந்த அணி விடும்வரையில் அதிலேயே இருக்க வேண்டும். அது வேறோர் ஊருக்கு மாற்றினால் மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டும்.

ஆட்டக்காரர்கள் நெடுங்காலம் வாய் திறக்கவில்லை. 1954இல் பாஸ்டன் அணியின் பாப் கூசி ஒரு சங்கம் தொடங்கினார். பத்தாண்டுகள் அச்சங்கம் மனுக்கொடுத்தும் காத்திருந்தும் காலங்கழித்தது. 1964ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் பாஸ்டன் நகரில் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் மட்டும் ஆடும் ஆண்டு விழா ஆட்டம் நடக்க இருந்தது. தொலைக்காட்சியில் நாடு முழுவதும் பார்க்கக் காத்திருந்தது. ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறைக்குள் இருந்துகொண்டு, ஓய்வுச் சம்பளத் திட்டம் பற்றி உறுதி கிடைத்தாலன்றி வெளியே வருவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். சங்க ஆணையர் வால்ட்டர் கென்னடி வாக்குறுதி தந்தார். ஆட்டம் நேரங்கழித்துத் தொடங்கிற்று. தாங்கள் வெளியே வராவிட்டால் ஆட்டமே இல்லை என்னும் எளிய உண்மையை அன்றிரவு அவர்கள் கண்டுகொண்டார்கள்.

1967இல் அவர்களுக்கு ஓர் எதிர்பாராத துணை கிடைத்தது. பழைய சங்கத்துக்குப் போட்டியாக வேறொரு கூடைப் பந்தாட்டச் சங்கம் தோன்றியது. வாங்குவோர் ஒருவராக இருந்த சந்தையில் இருவர் வந்தால் விலை ஏறுவது இயல்பே. ஆனால் பழைய கட்டு உடனே அவிழவில்லை. சான்பிரான்சிஸ்கோ அணியின் பெயர்பெற்ற ஆட்டக்காரர் ரிக் பாரி புதிய சங்கத்தின் ஓக்லாந்து அணியில் சேர்ந்தபோது, பழைய அணி நீதிமன்றத்தை நாடிற்று. ஒப்பந்தத்தை ஓராண்டு புதுப்பிக்கும் உரிமை பழைய அணிக்கு உண்டு என்று நீதிமன்றம் கூறிவிட்டது. 1967-68ஆம் ஆண்டுப் பருவம் முழுவதும் பாரி ஆடாமலே இருந்தார். ஓராண்டு என்று எழுதியிருப்பது ஓராண்டே என்பது அதனால் தெளிவாயிற்று. ஆயினும் அந்த ஓராண்டின் விலை எத்தகையது என்பதையும் எல்லாரும் கண்டார்கள்.

போட்டியால் சம்பளம் ஏறக் கண்ட முதலாளிகள் இரண்டு சங்கங்களையும் ஒன்றாக்கிவிட எண்ணினார்கள். ஒன்றானால் சந்தையில் மறுபடியும் ஒரே வாங்குவோர்தான். இதனைத் தடுக்க ஆட்டக்காரர் சங்கம் 1970ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. பதினான்கு ஆட்டக்காரர்கள் அனைவர் சார்பிலும் பெயர் கொடுத்தார்கள். வழக்குக்குப் பெயர் தந்தவர் சங்கத் தலைவர் ஆஸ்கார் ராபர்ட்சன்.

ராபர்ட்சனைப் பற்றி இரண்டொரு சொற்கள் சொல்ல வேண்டும். அவர் கறுப்பினத்தவர், இந்தியானாபொலிஸ் நகரில் வறுமையில் வளர்ந்தவர். 1960இல் சின்சினாட்டி அணியில் சேர்ந்து, அந்த ஆட்டத்தின் மிகச் சிறந்த வீரர்களுள் ஒருவராக விளங்கினார். 1965இல் ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவரானார். அமெரிக்காவின் பெரிய விளையாட்டுகளில் எதிலும் அதுவரையில் கறுப்பினத்தவர் ஒருவர் நாடளாவிய தொழிற்சங்கத்துக்குத் தலைவரானதில்லை. வழக்குத் தொடுத்த அதே மாதத்தில் அவரைச் சின்சினாட்டி அணி மில்வாக்கி அணிக்கு மாற்றிக் கொடுத்தது. பத்தாண்டுக் காலம் ஓர் ஊருக்காக ஆடிய பெருவீரரும் மாற்றத்தக்க பொருளே என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அவரும் சங்கத்தின் வழக்கறிஞர் லாரி ஃபிளைஷரும் முதலாளிகளின் கோபத்தை அறிந்தே இப்பணியில் இறங்கினார்கள். 1971இல் ராபர்ட்சன் செனட் சபையின் குழு முன்பு சென்று இணைப்புக்கு எதிராகச் சாட்சியமும் அளித்தார்.

அதே காலத்தில் பேஸ்பால் ஆட்டக்காரர் கர்ட் ஃபிளட் என்பவர், தம்மைக் கேளாமல் தம்மை மாற்றிக் கொடுத்ததை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை சென்று, 1972இல் தோற்றார். அவர் தோற்க, ராபர்ட்சன் வழக்கு நிலைத்தது ஏன்? 1922இன் பழைய தீர்ப்பு பேஸ்பாலை மட்டுமே காத்தது. அமெரிக்கக் கால்பந்தாட்டத்துக்கு அந்தக் காப்பு இல்லை என்று 1957இலும், கூடைப் பந்தாட்டத்துக்கும் இல்லை என்று 1971இலும் தெளிவாகியிருந்தது. ஆகவே கூடைப் பந்தாட்ட முதலாளிகள் திறந்த வெளியில் நின்றார்கள்.

வழக்கு நீதிபதி ராபர்ட் கார்ட்டரிடம் வந்தது. பள்ளிகளில் நிற வேற்றுமை கூடாதென்று 1954இல் தீர்ப்புப் பெற்ற புகழ்மிக்க வழக்கில், வழக்கறிஞராக நின்று வாதாடியவர் அவர். வழக்கைத் தள்ளிவிட வேண்டும் என்ற முதலாளிகளின் வேண்டுகோளை அவர் 1975இல் ஏற்க மறுத்தார். இனித் தோல்வி வரக்கூடும் என்று கண்டதும் முதலாளிகள் சமரசத்துக்கு வந்தார்கள். 1976இல் உடன்பாடு ஏற்பட்டது. ஆட்டக்காரர்களுக்கு 43 இலட்சம் டாலர் இழப்பீடு கிடைத்தது. புதிதாகச் சேர்வோரின் முதல் ஒப்பந்தம் நீங்கலாக, ஏனைய ஒப்பந்தங்களிலிருந்து அந்தப் புதுப்பிக்கும் விதி நீங்கிற்று. இரண்டு சங்கங்களின் இணைப்பும் அந்த ஆண்டே நடந்தது. புதிய சங்கத்தின் நான்கு அணிகள் பழைய சங்கத்தில் சேர்ந்தன.

பழைய விதி மடிந்தது; எனினும் அது வழித்தோன்றல் இன்றி மடியவில்லை. உடன்பாட்டில் இரண்டு படிகள் இருந்தன. 1980வரையில், ஓர் ஆட்டக்காரரை அழைத்துக்கொள்ளும் அணி அவருடைய பழைய அணிக்கு ஈடு தர வேண்டும். என்ன ஈடு என்பதில் இருவரும் ஒத்துப்போகாவிட்டால் ஆணையர் தீர்மானிப்பார். 1979இல் பில் வால்ட்டன் போர்ட்லாந்தை விட்டுச் சான்டியேகோ அணிக்குச் சென்றபோது, கெர்மிட் வாஷிங்டன், கெவின் குன்னர்ட் என்னும் இரண்டு ஆட்டக்காரர்களையும், வருங்கால இளைஞர் ஒருவரைத் தேர்ந்துகொள்ளும் உரிமையையும், அவற்றோடு பணத்தையும் சான்டியேகோ இழந்தது. ஒருவரை வரவழைக்கப் பாதி வீட்டை விற்க வேண்டுமானால் யார் வரவழைப்பார்கள்?

1981இல் இரண்டாம் படி தொடங்கியது. ஈடு தரும் முறை நீங்கியது. அதற்குப் பதிலாகப் பழைய அணிக்கு ஒரு முன்னுரிமை கிடைத்தது. வேறோர் அணி தரும் ஒப்பந்தத்தை ஆட்டக்காரர் கொண்டுவந்து காட்ட வேண்டும். பதினைந்து நாட்களுக்குள் பழைய அணி அதே நிபந்தனைகளை ஏற்றால் அவர் அங்கேயே இருக்க வேண்டும். நிலம் விற்பவன் முதலில் பங்காளியைக் கேட்க வேண்டும் என்று ஊர்களில் சொல்வது போன்றது இது. வேற்றுமை ஒன்றுண்டு: இங்கே நிலமும் விற்பவனும் ஒருவரே.

இம்முன்னுரிமையின் தன்மையை 1982இல் மோசஸ் மலோன் செய்தி விளக்கிற்று. ஹூஸ்டன் அணியின் மலோன் அவ்வாண்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டம் பெற்றவர். பிலடெல்பியா அணி அவருக்கு ஆறு ஆண்டுகளுக்கு 1 கோடியே 32 இலட்சம் டாலர் தர முன்வந்தது. ஹூஸ்டன் ஈடு கொடுத்தது. ஆனால் அவரை வைத்துக்கொள்வதற்கன்று. அவ்வாறு உரிமையாக்கிக்கொண்ட பின், கால்ட்வெல் ஜோன்ஸ் என்ற ஆட்டக்காரரையும் ஓர் இளைஞர் தேர்வுரிமையையும் பெற்றுக்கொண்டு அவரைப் பிலடெல்பியாவுக்கே அனுப்பியது. ஒழிந்துபோன ஈட்டுமுறை பின்வாசல் வழியாக மீண்டும் வந்தது. மலோன் வரவால் 1983இல் பிலடெல்பியா வெற்றிக் கோப்பையை அடைந்தது.

1983இல் மற்றொரு மாறுதல் வந்தது. பல அணிகள் நட்டத்தில் தத்தளித்தன. சங்கமும் முதலாளிகளும் கூடி, ஓர் அணி ஆட்டக்காரர் அனைவருக்கும் சேர்த்துத் தரும் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு கட்டினார்கள். 1984-85இல் அது 36 இலட்சம் டாலர். கைம்மாறாக மொத்த வருவாயில் நூற்றுக்கு 53 பங்கு ஆட்டக்காரர்களுக்கு என்று உறுதி கிடைத்தது. தன் சொந்த ஆட்டக்காரரை வைத்துக்கொள்ள அணி அந்த வரம்பைத் தாண்டலாம் என்ற விலக்கும் அமைந்தது. இந்த உச்சவரம்பை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிற அணிகள் வரம்புக்குள் இடம் வைத்திருந்தால்தான் வெளியாரை அழைக்க முடியும். பழைய அணி இடமில்லாமலும் தன்னவரை நிறுத்திக்கொள்ள முடியும். பின்னாளில் இளைஞர்களை இறுக்கிய கயிறு இவ்விரண்டு புரிகளால் திரிக்கப்பட்டதே.

1987இல் ஆட்டக்காரர் சங்கம் மீண்டும் வழக்காடி, 1988 ஏப்ரலில் ஓர் உடன்படிக்கை பெற்றது. ஏழு ஆண்டுகள் ஆடி இரண்டு ஒப்பந்தங்களை முடித்தவர் எந்த வரம்பும் இன்றிப் போகலாம் என்பது அதன் சாரம். அந்த ஜூலையில் டாம் சேம்பர்ஸ் சியாட்டில் அணியை விட்டுப் பீனிக்ஸ் அணிக்குச் சென்றார். பழைய அணி ஈடு கேட்கவும் இயலவில்லை, தடுக்கவும் இயலவில்லை. இச்சங்கத்தின் வரலாற்றில் முழு விடுதலையோடு ஊர் மாறிய முதல் ஆட்டக்காரர் அவரே. அன்று முதல் ஆட்டக்காரர்கள் இரண்டு வகையினர் ஆனார்கள். மூத்தோர் விடுதலை பெற்றார்கள். இளையோர் முன்னுரிமையின் வரம்புக்குள் நின்றார்கள்.

1995இல் ஏற்பட்ட உடன்படிக்கை ஒரு விந்தையான இடைக்காலத்தை உண்டாக்கிற்று. முதற்சுற்றில் தேர்ந்தெடுக்கப்பட்ட இளைஞர்களுக்கு மூன்றாண்டுச் சம்பளம் பட்டியலிட்டு நிர்ணயிக்கப்பட்டது. ஆனால் மூன்றாண்டு முடிந்தால் அவர்கள் முன்னுரிமைத் தொல்லை இல்லாமல் விருப்பம்போல் போகலாம். இளமையிலேயே விடுதலை என்றால் அதன் விலை என்ன என்பதை 1997இல் கெவின் கார்னெட் காட்டினார். அப்போது அவருக்கு வயது 21. அவரை இழக்க அஞ்சிய மின்னசோட்டா அணி ஆறாண்டுக்கு 12 கோடியே 60 இலட்சம் டாலர் தர இசைந்தது. மூன்றாண்டுகளுக்கு முன் அந்த அணியே கைமாறிய விலையைக் காட்டிலும் இது மிகுதி. முதலாளிகள் திகைத்தார்கள். 1998 ஜூலை முதல் நாள் கதவடைப்புத் தொடங்கி, 1999 ஜனவரிவரை நீடித்தது. 82 ஆட்டங்கள் நடக்க வேண்டிய பருவம் 50 ஆட்டங்களாகச் சுருங்கிற்று. முடிவில் வந்த உடன்படிக்கை இளைஞரின் விடுதலைக்கு மீண்டும் வரம்பு கட்டியது. இன்றுள்ள முறைக்கு அதுவே அடித்தளம்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அந்த வரம்பை முதலாளிகள் மட்டும் விதிக்கவில்லை. ஆட்டக்காரர் சங்கமும் கையொப்பமிட்டது. உடன்படிக்கை பேசிய மேசையில் மூத்தோர் இருந்தார்கள். அதனால் கட்டுண்ணப் போகிறவர்களோ அப்போது பள்ளியிலும் கல்லூரியிலும் படித்துக்கொண்டிருந்தார்கள். இல்லாதவனுடைய பங்கை விட்டுக்கொடுப்பது எந்தப் பாகப்பிரிவினையிலும் எளிது.

இன்றைய முறை எப்படி நடக்கிறது என்பதைச் சுருங்கச் சொல்கிறேன். முதற்சுற்றில் தேர்ந்தெடுக்கப்பட்ட இளைஞனுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் உறுதி; மூன்றாம் நான்காம் ஆண்டுகள் அணியின் விருப்பம். நான்காண்டு முடிவில் அணி அவனுக்கு ஓராண்டுக்குரிய ஓர் அழைப்பை எழுத்தில் தர வேண்டும். தராவிட்டால் அவன் முழு விடுதலை பெற்றவன். தந்தால் முன்னுரிமை அணியிடம் நிற்கும். மூன்றாண்டுக்கு மேல் ஆடாத பிற ஆட்டக்காரர்களுக்கும் இதே முறை உண்டு. அவன் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. சொந்த அணியோடு பேசிப் புது ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். வேறோர் அணியிடம் ஒப்பந்தம் பெற்று வந்து காட்டலாம். பழைய அணி ஈடு கொடுத்தால் தங்க வேண்டும், இல்லையேல் போகலாம். மூன்றாவது, அந்த ஓராண்டு அழைப்பையே ஏற்று, குறைந்த சம்பளத்தில் ஆடி, ஆண்டு முடிவில் முழு விடுதலை பெறலாம்.

பிற அணி தரும் ஒப்பந்தம் நான்கு ஆண்டுகள்வரை நீளலாம். பழைய அணி அதற்கு ஈடு கொடுத்துவிட்டால் முன் நான்கும் பின் நான்குமாக எட்டு ஆண்டுகள் ஆகின்றன. பத்தொன்பது வயதில் வந்தவன், தான் தேர்ந்தெடுக்காத ஊரில் இருபத்தேழு வயதுவரை ஆட நேரலாம். ஆட்டக்காரனின் தொழிற்காலம் குறுகியது. முழங்காலில் ஒரு காயம் பட்டால் அதுவும் முடிந்துவிடும். இதனை எண்ணும்போதுதான் வரம்பின் எடை புலப்படும்.

மனிதர் வகுத்த விதியை மனிதர் அறிவு வளைக்காமல் விடுமா? 2003இல் கோல்டன் ஸ்டேட் அணியின் கில்பர்ட் அரீனஸ் என்பவருக்கு வாஷிங்டன் அணி ஆறாண்டுகளில் 6 கோடி டாலருக்கு மேல் தர முன்வந்தது. அவர் இரண்டாம் சுற்றில் வந்தவர். இரண்டே ஆண்டுகள் ஆடியவர். அத்தகையவருக்கு உச்சவரம்பைத் தாண்டி ஈடு கொடுக்கப் பழைய அணிக்கு வழியில்லாமற் போயிற்று. அணி அவரை இழந்தது. இதற்கு மாற்றாக 2005இல் ஒரு விதி வந்தது. அத்தகைய இளைஞருக்குப் பிற அணி தரும் சம்பளம் முதல் இரண்டு ஆண்டுகளில் ஓர் அளவுக்குள் இருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் உயரலாம் என்பது அது. பழைய அணியைக் காப்பதே அதன் நோக்கம்.

2012இல் அந்தக் காப்பே ஆயுதமாயிற்று. தைவானிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்து, ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் பயின்ற ஜெரமி லின் என்ற இளைஞரை இரண்டு அணிகள் வேண்டாமென்று விட்டன. நியூயார்க் அணியில் சேர்ந்த அவர் அவ்வாண்டு பிப்ரவரியில் சில வாரங்களில் நாடு முழுவதும் பேசப்படும் ஆட்டக்காரரானார். அவரை முன்பு விட்ட ஹூஸ்டன் அணியே கோடையில் மூன்றாண்டுக்குச் சுமார் இரண்டரைக் கோடி டாலர் ஒப்பந்தம் தந்தது. முதல் இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 50 இலட்சம். மூன்றாம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி. அந்த மூன்றாம் ஆண்டுச் சுமையும், அதனோடு சேரும் மிகைவரியும் நியூயார்க்கை அச்சுறுத்தின. அது ஈடு கொடுக்கவில்லை; லின் ஹூஸ்டனுக்குச் சென்றார்.

2014இல் யூட்டா அணியின் கார்டன் ஹேவர்டு நிகழ்ச்சி வேறொரு பாடம் புகட்டிற்று. சார்லட் அணி அவருக்கு நான்காண்டுகளுக்கு 6 கோடியே 30 இலட்சம் டாலர் தந்தது. மூன்றாண்டு முடிவில் அவர் விரும்பினால் விலகலாம் என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. யூட்டா ஈடு கொடுத்தது. ஆனால் ஈடு கொடுப்பவர் பிறர் எழுதிய நிபந்தனைகளை அப்படியே ஏற்க வேண்டும். 2017இல் ஹேவர்டு அந்த நிபந்தனையைப் பயன்படுத்திப் பாஸ்டனுக்குப் போய்விட்டார். யூட்டாவுக்குக் கைம்மாறு ஏதும் கிட்டவில்லை.

இக்கதைகளைக் கேட்டால் ஆட்டக்காரருக்குக் குறையொன்றும் இல்லை என்று தோன்றும். எங்கே இருந்தால் என்ன, சந்தை தரும் விலை கிடைக்கிறதே என்று சொல்வாரும் உண்டு. ஆனால் இவை அழைப்பு வந்தவர்களின் கதைகள். அழைப்பு வராதவர்களின் கதை வேறு. பிற அணி ஓர் ஒப்பந்தம் எழுதித் தந்ததும், பழைய அணியின் முடிவு தெரியும்வரையில் அத்தொகை அதன் உச்சவரம்புக் கணக்கில் முடங்கிக் கிடக்கும். அதற்குள் சந்தையில் இருந்த பிற நல்ல ஆட்டக்காரர்கள் கைநழுவிப் போவார்கள். முடிவில் பழைய அணி ஈடு கொடுத்துவிட்டால் முயற்சியெல்லாம் வீண். எப்படியும் ஈடு கொடுப்பார்கள் என்று தெரிந்த இடத்தில் யார் வீணாகக் கேட்கப் போவார்கள்? கேட்பார் இல்லாத பொருளுக்குச் சொந்தக்காரர் சொன்னதே விலை.

2025ஆம் ஆண்டுக் கோடை இதற்குச் சான்று. வரம்புக்குள் இடம் வைத்திருந்த அணிகள் அவ்வாண்டு மிகச் சில. ஜாஷ் கிட்டி, ஜானதன் குமிங்கா, காம் தாமஸ், குவென்டின் கிரைம்ஸ் ஆகிய நான்கு இளைஞர்களும் ஜூலை முழுவதும் ஆகஸ்டு முழுவதும் காத்திருந்தார்கள். வேறெந்த அணியும் அவர்களுக்கு ஒப்பந்தம் தரவில்லை. முதலிருவர் நெடும் பேச்சுக்குப் பின் சொந்த அணிகளோடு உடன்பட்டார்கள். மற்றிருவரும் ஓராண்டு அழைப்பை ஏற்றார்கள். அந்த வழியில் துணிவு வேண்டும். 2014இல் டெட்ராய்ட் அணியின் கிரெக் மன்ரோ அவ்வாறு சுமார் 55 இலட்சம் டாலருக்கு ஓராண்டு ஆடி, 2015இல் முழு விடுதலை பெற்று, மில்வாக்கி அணியில் மூன்றாண்டுக்கு 5 கோடி டாலர் பெற்றார். அந்த ஓராண்டில் காயம் பட்டிருந்தால் அவர் கணக்கு வேறாக முடிந்திருக்கும்.

முதலாளிகளின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. பயிற்சி இல்லாத இளைஞனை ஏற்று, தோல்விகளைப் பொறுத்து, நான்காண்டுகள் வளர்த்த சிறு நகரம் ஒன்று, அவன் முதிர்ந்த அன்றே அவனைப் பெருநகரத்துக்குப் பறிகொடுக்குமானால் அச்சிறு நகரத்து மக்கள் எதனை நம்பி ஆட்டம் பார்க்கச் செல்வார்கள்? எல்லா அணிகளும் ஓரளவு சமவலிமையோடு இருந்தால்தான் போட்டி சுவைக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தச் சமநிலையின் செலவை யார் ஏற்பது என்று கேட்டால், இதுவரையில் மிகுதியும் ஏற்றவர்கள் பேரம் பேசும் வலிமை குறைந்த இளையோரே.

எனினும் வரலாற்றின் போக்கு ஒரு திசையில்தான் சென்றிருக்கிறது. முன்பு பழைய அணியின் உரிமைக்கு எல்லையே இல்லை. பின்னர் முடிவு சொல்லப் பதினைந்து நாள் தவணை வந்தது. 2005இல் அது ஏழு நாளாயிற்று; 2011இல் மூன்று நாள்; 2017இல் இரண்டு நாள்; 2023இன் உடன்படிக்கையில் ஏறத்தாழ ஒரு நாள். வாழ்நாள் முழுவதும் நீண்டிருந்த கை ஒரு நாளுக்குள் அடங்கியிருக்கிறது. அந்த ஒரு நாள் எஞ்சியிருக்கும்வரையில் பழைய உரிமையின் நிழலும் எஞ்சியிருக்கும்.

ஆஸ்கார் ராபர்ட்சன் 1974இல் ஓய்வு பெற்றார். அவர் பெயரால் அமைந்த உடன்பாடு இரண்டு ஆண்டுகள் கழித்து வந்தது. அதனால் கிடைத்த விடுதலையை அவர் ஒரு நாளும் அனுபவிக்கவில்லை. தமக்குப் பின் வருவோருக்காக வழக்காடியவர் அவர். பின் வருவோரின் பங்கைத் தமக்காக விட்டுக்கொடுத்தவர்களும் அதே சங்கத்தில் பின்னர் இருந்தார்கள். இனி உடன்படிக்கை பேசும் மேசையில் அமர்வோர் இவ்விருவரில் யாருடைய வழியில் நடக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அந்தக் கடைசி ஒரு நாளின் கதி அமையும்.